அவள் தூக்கத்தில் நான் சேர்த்த வாக்கியம்

என் மனைவியைப் பற்றி எழுத உட்கார்ந்தால் அதில் பாதி என் மேல் நானே கொடுக்கும் புகாராகத்தான் இருக்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எழுதுகிறவன் நல்ல மனுஷன் என்று நம்பிப் படித்துவிட்டு, பிறகு என்னைத் திட்டாதீர்கள்.

அவளுக்கு வயது ஐம்பத்து மூன்று. பெரிய மருத்துவமனை ஒன்றில், ஆபரேஷன் கருவிகளைக் கழுவி, எண்ணி, துணியில் கட்டி, நீராவியில் கிருமி நீக்கி மேலே அனுப்பும் அறையில் வேலை. கட்டடத்தின் அடித்தளத்தில் இருக்கிறது அந்த அறை. ஜன்னல் கிடையாது. ஒரு பக்கம் கழுவும் தொட்டிகள், நடுவில் நீளமான எஃகு மேசை, மறுபக்கம் ஆள் உயரத்துக்கு நீராவி இயந்திரம். ஒவ்வொரு ஆபரேஷனுக்கும் ஒரு தட்டு, ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு பட்டியல். கத்தரி இத்தனை, இடுக்கி இத்தனை, ரத்தக் குழாயைக் கவ்விப் பிடிக்கும் கவ்வி இத்தனை என்று எண்ணி வைத்து, பட்டியலின் கீழே கையெழுத்துப் போட வேண்டும். அதன் பிறகு இரட்டைப் பச்சைத் துணியில் தட்டைச் சுற்றி, மேலே ஒரு பட்டை ஒட்டுவார்கள். நீராவி சரியாகப் பாய்ந்தால் அந்தப் பட்டையில் கறுப்புக் கோடுகள் தெரியும்.

இருபத்தெட்டு வருஷமாக அவள் போட்ட கையெழுத்தை மேலே யாரும் சந்தேகப்பட்டதில்லை. அங்கே அவளுக்குக் கணக்கு அக்கா என்று பெயர். அந்த வியாதி வீட்டுக்கும் வந்துவிட்டது. சட்டையை மடிக்கும்போது பொத்தானை எண்ணுவாள். விருந்தாளி வந்தால் வாசலில் கிடக்கும் செருப்பை எண்ணிவிட்டு, "இன்னும் ஒருத்தர் உள்ள வரலியா?" என்று கேட்பாள். கல்யாணமான புதிதில், நான் ஒரு மணி நேரத்தில் எத்தனை தடவை கொட்டாவி விட்டேன் என்று சொல்லி என்னைத் தலைகுனிய வைத்தவள் அவள்.

நான் ரொட்டி சுடுகிறவன். வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி பேக்கரி. இரவில் ஒருவர் மாவைப் பிசைந்து வைத்துவிட்டுப் போவார். நான் மூன்றரைக்குப் போய் அதைத் தட்டி, வெட்டி, உருட்டி, அச்சில் வைத்து, நாலரைக்கு அடுப்பில் ஏற்ற வேண்டும். தாமதமானால் மாவு காத்திருக்காது. அளவு மீறிப் பொங்கி, புளித்து, அமுங்கிவிடும். அதைச் சுட்டால் செங்கல்தான் கிடைக்கும். இவ்வளவு தெரிந்தவன் தூங்குவதோ அடித்துப் போட்டாற்போல. எத்தனை அலாரம் வைத்தாலும் தூக்கத்திலேயே கை நீட்டி அணைத்துவிட்டுப் புரண்டு படுப்பேன். அணைத்தது எனக்கே தெரியாது.

அவளுக்கு ஐம்பது முடிந்தபோது மாதவிடாய் தாறுமாறாகி, பிறகு நின்றது. அதோடு தூக்கமும் போனது. படுத்த கொஞ்ச நேரத்தில் கழுத்திலிருந்து முகம் வரை குப்பென்று சூடு ஏறும். போர்வையை உதறுவாள். ஐந்து நிமிஷத்தில் வியர்வையில் நனைந்த உடுப்பே குளிர ஆரம்பிக்கும், மறுபடி போர்வையைத் தேடுவாள். "உள்ள யாரோ உங்க அடுப்பைப் பத்த வச்ச மாதிரி இருக்குங்க" என்பாள். கண் அசந்தாலும் மூன்று மணிவாக்கில் கண்டிப்பாக விழித்துவிடுவாள்.

அது எனக்கு வசதியாகப் போய்விட்டது. இதை எழுதும்போதும் கை கூசுகிறது. அவள் தூங்காத அந்த இரண்டு வருஷமும் நான் ஒரு நாள்கூட வேலைக்குத் தாமதமாகப் போகவில்லை. "மூணு ஆச்சு, எழுந்திருங்க" என்று தோளை உலுக்குவாள். எழுந்து வருவதற்குள் காபி தயாராக இருக்கும். இருவரும் சமையலறையில் உட்கார்ந்து பத்து நிமிஷம் பேசுவோம். வேறு ஊரில் வேலை பார்க்கும் மகளைப் பற்றி, ஒழுகும் குழாயைப் பற்றி, அவள் மேற்பார்வையாளரின் மூக்குக் கண்ணாடியைப் பற்றி. நாள் முழுக்க நாங்கள் நிதானமாகப் பேசிக்கொண்டது அந்தப் பத்து நிமிஷம்தான். அவள் எத்தனை மணிக்குத் தூங்கினாள் என்று ஒரு நாளாவது கேட்டேனா? இல்லை. "எங்க வீட்ல அலாரம் காபியும் போடும்" என்று பேக்கரியில் சொல்லி நாலு பேரைச் சிரிக்க வைத்தேன். அவ்வளவுதான் நான் காட்டிய அக்கறை.

டாக்டரிடம் போனாள். அவளுடைய அக்காவுக்கு வந்த நோயையெல்லாம் கேட்டுவிட்டு, அவளுக்கு ஹார்மோன் மாத்திரை வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த மருத்துவமனையிலேயே பெண்கள் பிரிவில் ஒரு நர்ஸ் புதன்கிழமை மதியம் இதற்காக ஒரு வகுப்பு நடத்துகிறார் என்று அங்கே அனுப்பினார்கள். வகுப்பில் சொல்லித்தருவது சுய ஹிப்னாடிசம். அவள் வந்து சொன்னதும் எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"மூஞ்சிக்கு முன்னாடி கடிகாரத்தைத் தொங்கவிட்டு ஆட்டுவாங்களா? கோழி மாதிரி கொக்கரிக்கச் சொல்வாங்களா?"

"யாரும் யாரையும் ஆட்டல. நம்ம மனசை நாமளே கொஞ்சம் கொஞ்சமா அமைதிப்படுத்தி, நமக்கு வேணுங்கிறதை நாமளே சொல்லிக்கிறது. இது வைத்தியம் இல்ல, பழக்கம், சில பேருக்குக் கை குடுக்கும்னு நர்ஸே சொல்லிட்டாங்க."

வகுப்பில் முதலில் சொல்லித்தந்தது மாடிப்படி. கண்ணை மூடி, இருபது படி இறங்குவதாக நினைத்து, ஒவ்வொரு படிக்கும் எண்ணை ஒன்று குறைத்துக்கொண்டே வர வேண்டும். மற்ற பெண்கள் பத்தாவது படியிலேயே சொக்கிப்போனார்களாம். இவள் மட்டும் கடைசிப் படிக்கு வந்து, இருபதும் சரியாக வந்ததா என்று சந்தேகப்பட்டு, மேலே ஏறிப் போய் மறுபடி எண்ணியிருக்கிறாள். எண்ண ஆரம்பித்தாலே அவளுக்கு முழிப்புத் தட்டிவிடும். அது அவள் தொழில். மூன்று ராத்திரி மாடிப்படி ஏறி இறங்கிக் கால் வலித்ததுதான் மிச்சம் என்று அவளே சொல்லிச் சிரித்தாள்.

நர்ஸ் யோசித்துவிட்டு, "எண்ணே வேண்டாம்மா. யோசிக்காமலே உங்க கை பாட்டுக்குச் செய்யுற வேலை ஏதாவது இருக்கா?" என்று கேட்டிருக்கிறார். இருந்தது. தட்டைத் துணியில் சுற்றுவது. அவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து இரண்டு பக்கம் எழுதினாள். பச்சைத் துணி விரிந்திருக்கிறது. அது குளிர்ச்சியாக இருக்கிறது. நடுவில் நான் படுத்திருக்கிறேன். கால் பக்கத்து முனை மெதுவாக என் மேல் வருகிறது. வலப் பக்கம் மடிகிறது. இடப் பக்கம் மடிகிறது. தலைப் பக்கத்து முனை வந்து செருகிக்கொள்கிறது. இப்படியே இரண்டாவது துணியும் மடிந்து, கடைசியில் பட்டை ஒட்டப்படும். காலையில் வெளிச்சம் வரும் வரை இந்தக் கட்டை யாரும் பிரிக்கக் கூடாது என்று முடித்திருந்தாள்.

அதை அவளே போனில் பதிவு செய்து கேட்டாள். பிடிக்கவில்லை. "என் குரலைக் கேட்டா மேற்பார்வையாளர் திட்டுற மாதிரியே இருக்கு. நீங்க படிச்சுக் குடுங்களேன்" என்றாள். நானும் பேக்கரியின் மாவு மூட்டை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு படித்தேன். சுற்றிலும் மூட்டைகள் இருப்பதால் அங்கே எதிரொலி இருக்காது. மொத்தம் பன்னிரண்டு நிமிஷம் வந்தது.

உடனே ஒன்றும் நடந்துவிடவில்லை. தினமும் மதியம் ஒரு தடவை, படுக்கும்போது ஒரு தடவை என்று விடாமல் கேட்டாள். சூடு வரும்போது குளிர்ந்த துணியை நினைத்துக்கொள்ளப் பழகினாள். மூன்றாவது வாரத்தில், வலப் பக்கம் மடியும்போதே அவள் மூச்சு மாறுவதைக் கவனித்தேன். இரண்டாவது துணிக்கு அவள் விழித்திருந்ததே இல்லை.

ஒரு நாள் காலை ஏழு மணிக்கு பேக்கரியின் பின்வாசலில் வந்து நின்றாள். அவள் அங்கே வருவதே அபூர்வம்.

"என்னங்க, நான் கண்ணைத் திறக்கிறேன், வெளிச்சமா இருக்கு! நான் எழுந்துக்கவே இல்லைங்க. ராத்திரி பூராத் தூங்கிட்டேன்."

இரண்டு வருஷமாகப் பார்க்காத முகம் அது. கன்னத்தில் தலையணை மடிப்பின் தடம்கூட அழியவில்லை. நான் அப்போது, அமுங்கிப்போன மாவைத் தொட்டியிலிருந்து சுரண்டிக் கொட்டிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு நான் வந்து சேரும்போதே ஐந்தாகிவிட்டிருந்தது. முதலாளி என்னைக் காய்ச்சி எடுத்திருந்தார். "நீ தூங்கினதுக்கு ரெண்டு தொட்டி மாவு பலி" என்றேன். விளையாட்டாகச் சொன்னேன் என்று அப்புறம் சொல்லிக்கொண்டேன். விளையாட்டு இல்லை.

அவள் முகம் சுருங்கிவிட்டது. "ஐயோ, நான் எழுப்பியிருக்கணும்" என்றாள். தூங்கினதற்கு ஒருத்தி மன்னிப்புக் கேட்கிறாள், நானும் அதை வாங்கிக்கொண்டு சும்மா நின்றேன்.

அந்த வாரத்தில் இன்னும் இரண்டு நாள் தாமதமானேன். ஒரு மாணவர் விடுதிக்கு நாங்கள்தான் ரொட்டி கொடுத்துக்கொண்டிருந்தோம். அவர்கள் காலைச் சாப்பாட்டுக்கு ரொட்டி போய்ச் சேரவில்லை. "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா நீ வீட்ல நல்லாத் தூங்கலாம்" என்றார் முதலாளி. பயந்துவிட்டேன். ஆனால் பயம் மட்டும் என்றால் அது பொய். அந்தக் காபியும் பத்து நிமிஷமும் எனக்கு வேண்டியிருந்தன. பக்கத்தில் ஒருத்தி தூங்கிக்கொண்டிருக்க, நான் மட்டும் இருட்டில் சட்டையைத் தேடிப் போட்டுக்கொண்டு போவது எனக்குப் பிடிக்கவில்லை. எனக்காக யாராவது விழித்திருக்க வேண்டும் என்று இருந்தது.

அவள் எல்லாவற்றையும் எண்ணி வைக்கிறவள். பேக்கரி ஆட்கள் வேறு விதம். எதையும் மாவில் கலந்துவிடுவோம். உப்பு அதிகமா, கொஞ்சம் மாவு சேர். பொங்கவில்லையா, கொஞ்சம் ஈஸ்ட் சேர். கலந்த பிறகு எது எங்கே போனது என்று யாராலும் சொல்ல முடியாது. அந்தப் புத்திதான் எனக்கு வேலை செய்தது.

"பழைய பதிவுல குளிர்பெட்டி இரைச்சல் கேக்குது. நல்லதா இன்னொண்ணு பண்ணித் தர்றேன்" என்றேன். அவள் நெகிழ்ந்துபோனாள். மூட்டை அறையில் உட்கார்ந்து இரண்டு பக்கத்தையும் மறுபடி படித்தேன். பட்டை ஒட்டியாயிற்று. ஒரு நிமிஷம் பேசாமல் இருந்தேன். அதற்குள் அவள் ஆழ்ந்து தூங்கியிருப்பாள் என்று எனக்குத் தெரியும். பிறகு மெதுவாகச் சொன்னேன்: "மூணு மணி ஆனதும் உன் கண்ணு தானாத் திறக்கும். எழுந்து அவரை எழுப்புவே."

இரண்டாவது ராத்திரியே தோளில் கை விழுந்தது. "மூணு ஆச்சு, எழுந்திருங்க."

அவள் கழுத்தெல்லாம் வியர்வை. காபியை நீட்டினாள். எனக்கு உள்ளூர ஒரு திடுக்கிடல், அதைவிட அதிகமாக ஒரு நிம்மதி. என் வாக்கியம்தான் எழுப்பியதா, அவள் உடம்பு பழைய பழக்கத்துக்குத் திரும்பியதா என்று அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. ஆனால் அது பலிக்க வேண்டும் என்று சொன்னவன் நான்.

அப்புறம் தினமும் மூன்று மணி. அவள் குற்றத்தைத் தன் மேல் போட்டுக்கொண்டாள். படுத்தது எப்போது, விழித்தது எப்போது என்று ஒரு நோட்டில் குறித்து வந்தாள். "முதல் பாதி நல்லா வருதுங்க. ரெண்டாவது பாதிதான் எனக்குக் கை வரல. மத்தவங்களுக்கெல்லாம் வருது. நான்தான் மனசை முழுசாக் குடுக்க மாட்டேங்கிறேன் போல" என்பாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில், சலவைத் துணி மூட்டைகளின் மேல் சாய்ந்து கூடுதலாகப் பயிற்சி செய்தாள். சூடு வரும்போதெல்லாம் நர்ஸ் சொன்னபடி மூச்சை இழுத்து விட்டாள். நான் ஒன்றும் தெரியாத பாப்பா மாதிரி காபியை உறிஞ்சிக்கொண்டு, "போகப் போகச் சரியாயிடும்" என்று தைரியம் சொன்னேன். மனசு குறுகுறுக்கும். பேக்கரிக்குப் போய் வேலையில் இறங்கினால் மறந்துவிடும். நாலு மாசம் இப்படிப் போயிற்று.

நாலாவது மாசக் கடைசியில் ஒரு திங்கட்கிழமை, ஆபரேஷன் முடிந்து வயிற்றைத் தைப்பதற்கு முன்னால் கருவிகளை எண்ணியிருக்கிறார்கள். பட்டியலில் இருபத்து நாலு, மேசையில் இருபத்து மூன்று. ஒரு கவ்வியைக் காணவில்லை. உள்ளே விட்டுவிட்டார்களோ என்று அந்த நோயாளியை மயக்கத்திலேயே வைத்துத் தேடி, எக்ஸ்ரே எடுத்து, நாற்பது நிமிஷம் கழித்துத்தான் உள்ளே எதுவும் இல்லை என்று உறுதி செய்திருக்கிறார்கள். கவ்வி கீழே, அடித்தள அறையில், கருவிகளைக் காயவைக்கும் அலமாரியின் மூலையில் கிடந்தது. தட்டில் அது ஏறவே இல்லை. இருபத்து நாலு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தது என் மனைவி.

நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் ஒரு லாரி ஓட்டுநர், ஒரு வாரத்தில் வீட்டுக்குப் போய்விட்டார். அதற்கு முன்னால் அவள் வார்டுக்குப் போய் அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு வந்தாள். யார் என்று அவர் கேட்டிருக்கிறார். "கீழ வேலை பார்க்கிறேன்" என்று மட்டும் சொன்னாளாம். அன்று சாயங்காலம் எனக்கு முன்னால் உட்கார்ந்து அழுதாள். "இருபத்து நாலுன்னு எண்ணினது ஞாபகம் இருக்குங்க. என் கண்ணே என்னை ஏமாத்துதுன்னா நான் இனிமே எதை நம்பி எண்ணுறது?"

நான் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தேன். அந்தக் கை என் கைதானா என்று எனக்கே அருவருப்பாக இருந்தது. அப்போதும் வாய் திறக்கவில்லை.

அவளைத் தட்டு மேசையிலிருந்து எடுத்து, கையுறையும் துணியும் அடுக்கும் வேலைக்கு மாற்றினார்கள். வெள்ளிக்கிழமை விசாரணை என்று தாள் வந்தது. நடந்ததைக் கேள்விப்பட்ட நர்ஸ் அவளைக் கூப்பிட்டு, "தினமும் மூணு மணிக்கே முழிப்பு வருதுன்னா அந்தப் பதிவுல ஏதாவது இடிக்குதான்னு பாக்கலாம். நாளைக்குக் கொண்டு வாங்கம்மா, முழுசாக் கேட்டுப் பாக்கறேன்" என்று சொல்லியிருந்தார். அது அடுத்த வாரச் செவ்வாய்க்கிழமை காலை. அவள் உடனே போனில் என்னிடம் சொன்னாள்.

செவ்வாய் மதியம் மூட்டை அறையில் நான் என்ன செய்தேன் தெரியுமா? மூன்றாவது தடவையாக அதே இரண்டு பக்கத்தைப் படித்துப் பதிவு செய்தேன். பட்டை ஒட்டியதும் நிறுத்திக்கொண்டேன். சுத்தமான பதிவு. அவள் போனில் பழையதை அழித்துவிட்டு இதைப் போட்டுவிட்டால் நர்ஸ் இல்லை, யார் கேட்டாலும் என்னைப் பிடிக்க முடியாது. அவள் நிம்மதியாகத் தூங்குவாள், நானும் தப்பித்துவிடுவேன். யாருக்கு என்ன நஷ்டம் என்று எனக்கு நானே வக்கீலாக நின்று வாதாடினேன்.

அந்த நேரம் பார்த்து அவள் போன் மறுபடி வந்தது. "நர்ஸ்கிட்ட உங்களைப் பத்தித்தான் பேசிட்டிருந்தேன். எங்க வீட்டுக்காரர் எனக்காக ரெண்டு தடவை உக்காந்து படிச்சுக் குடுத்தார், மத்த ஆம்பளைங்க இதையெல்லாம் கேட்டாச் சிரிப்பாங்கன்னு சொன்னேன். அவங்களும் சந்தோஷப்பட்டாங்க" என்றாள்.

பிடிபட்டிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. வெளியே வந்து அடுப்பை இன்னொருவரிடம் பார்க்கச் சொல்லிவிட்டு, ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் வீட்டுக்குப் போய் அவளுக்காகக் காத்திருந்தேன்.

வந்ததும் மறுநாளைக்கான சீருடையை இஸ்திரி போட ஆரம்பித்தாள். நான் சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. வளைத்தால் பாதியில் மனசு மாறிவிடுமோ என்று பயம்.

அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "எந்த இடத்துல?"

"பட்டை ஒட்டினதுக்கு அப்புறம். ஒரு நிமிஷம் விட்டு."

போனை எடுத்து மேசையில் வைத்து ஓடவிட்டாள். பன்னிரண்டு நிமிஷமும் நின்றுகொண்டே கேட்டாள். ஜன்னலில் நல்ல வெயில். தெருவில் யாரோ வண்டியைக் கிளப்ப முடியாமல் உதைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கடைசி வாக்கியம் வந்தபோது அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை. இஸ்திரிப் பெட்டியின் ஒயரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கேட்டிருந்தா எழுந்திருப்பேனே" என்றாள்.

"அது தெரிஞ்சுதான் கேக்கல."

அந்த உண்மை என் வாயிலிருந்து வந்தது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. கேட்டிருந்தால், தூங்காத மனைவியைத் தனக்காக எழுந்திருக்கச் சொன்னவன் என்று எனக்கு நானே பெயர் வைத்துக்கொள்ள வேண்டியிருந்திருக்கும். கேட்காமல் வாங்கிக்கொண்டால் அந்தப் பெயர் இல்லை.

"நூத்திப் பதினெட்டு நாள்" என்றாள். நோட்டைப் பார்க்காமலே சொன்னாள்.

"நான் தூங்கத் தெரியாதவள்னு நூத்திப் பதினெட்டு நாளா என்னை நானே திட்டிக்கிட்டிருக்கேன். நீங்க எதிர்ல உக்காந்து காபி குடிச்சிருக்கீங்க."

"அந்தக் கவ்வி போனதுக்கும் நான்தான் காரணம்."

"அது உங்களுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. இனிமே தெரியவும் போறதில்ல. அதாங்க எனக்குத் தாங்கல." சீருடையைப் பாதி இஸ்திரியில் அப்படியே போட்டுவிட்டு மகளின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

புதன்கிழமை தனியாக நர்ஸைப் பார்க்கப் போனாள். பதிவைப் போட்டே காட்டினாளாம். நர்ஸ் முழுசாகக் கேட்டாராம். யாரும் எதுவும் சொல்லாமலே இந்த வயசில் பல பெண்களுக்கு மூன்று மணிக்கு முழிப்பு வரும், தூங்குகிறவள் காதில் விழுந்தது வேலை செய்ததா என்று தன்னால் சொல்ல முடியாது என்றாராம். "ஆனா ஒண்ணும்மா, இதுல சுயம்னு ஒரு வார்த்தை இருக்கு. உங்களுக்கு என்ன வேணும்னு நீங்கதான் சொல்லணும். இன்னொருத்தர் தனக்கு வேணுங்கிறதைச் சொருகினா அது சுய ஹிப்னாடிசமே இல்ல" என்றாராம். இதை என்னிடம் ஒப்பித்துவிட்டு அவள் பல் துலக்கப் போனாள்.

வெள்ளிக்கிழமை நானும் கூடப் போனேன். விசாரணை அறைக்கு வெளியே நீளமான வராந்தா, சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலிகள். உள்ளே வந்து எல்லாவற்றையும் நானே சொல்கிறேன் என்று முந்தின நாளிலிருந்தே கெஞ்சிக்கொண்டிருந்தேன். சொல்லிவிட்டால் நெஞ்சில் இருக்கும் பாரம் கொஞ்சம் இறங்கும் என்று எனக்கு ஆசை. கூப்பிட்டதும் நானும் எழுந்தேன். அவள் கையைக் காட்டித் தடுத்தாள்.

"உக்காருங்க. நீங்க உள்ள வந்து சொன்னா உங்களுக்கு மனசு லேசாகும். எனக்கு என்ன ஆகும்? இவளோட தூக்கத்தைக்கூட இவ புருஷன்தான் நடத்துறான்னு எழுதிக்குவாங்க. கையெழுத்து என்னோடது. நான் பேசிக்கிறேன்."

இருபது நிமிஷம் உள்ளே இருந்தாள். மேட்ரன், ஒரு சர்ஜன், ஒரு அலுவலக ஆள், மூன்று பேர். மெனோபாஸ், தூக்கமின்மை, எல்லாவற்றையும் அவளே வாய் கூசாமல் சொன்னாளாம். அந்த அலுவலக ஆள்தான் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாராம். பதிவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. தூக்கம் கெட்டால் எண்ணிக்கை கெடும் என்று தெரிந்தும் உதவிக்கு ஆள் கேட்காதது தன் தவறு என்று சொல்லியிருக்கிறாள். இரண்டு மாசம் துணி அடுக்கும் வேலை, பிறகு தட்டு மேசை, ஆனால் அவள் தட்டுக்கு இன்னொருவரின் கையெழுத்தும் வேண்டும் என்று முடிவாயிற்று. எல்லாத் தட்டுக்குமே இரண்டு கையெழுத்து இருந்தால் நல்லது என்று அவளே யோசனை சொல்லிவிட்டு வந்தாள். இப்போது அங்கே அதுதான் வழக்கம்.

இதெல்லாம் நடந்து எட்டு மாசம் ஆகிறது. அவள் மகளின் அறையிலேயே படுக்கிறாள். தன் குரலிலேயே பதிவு செய்து வைத்திருக்கிறாள். மேற்பார்வையாளர் திட்டுவது போல இருக்கும் என்றாளே, அந்தக் குரல்தான். ஒரு மாசம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு வாரத்தில் இரண்டு நாள், மூன்று நாள் என்று தூக்கம் திரும்பியது. இன்னும் சூடு வரும், சில நாள் விழித்துவிடுவாள். விழித்தாலும் வெளியே வர மாட்டாள். என்னை எழுப்பும் வேலையை மாவு பிசைகிறவர் பார்க்கிறார். நான் எழுந்து விளக்கைப் போட்டுப் பதில் சொல்லும் வரை போனை வைக்காமல் திட்டுவார். காபி நானே போட்டுக்கொள்கிறேன். கேவலமாக இருக்கிறது, குடிக்கிறேன்.

என்னோடு அவள் பேசாமல் இல்லை. சண்டையும் போடவில்லை. சண்டை போட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். மன்னித்துவிட்டாளா என்று ஒரு தடவை கேட்டேன். "அதுக்கு இன்னும் நேரம் கிடைக்கலைங்க, இப்பதான் தூங்க ஆரம்பிச்சிருக்கேன்" என்றாள்.

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் சமையலறை மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து பச்சைப் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தோம். அவள் முகத்தில் நல்ல தெளிவு. முந்தின நாள் ஏழு மணி நேரம் தூங்கியிருந்தாள். உரிப்பதை நிறுத்தாமலே பேசினாள்.

"உங்களை ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். அந்தப் பதிவை அப்புறம் நாலஞ்சு தடவை கேட்டேன். பகல்லதான். நான் எழுதினது பூரா நீங்க திக்கித் திணறிப் படிக்கிறீங்க. வலப் பக்கம் மடியுற இடத்துல இடப் பக்கம்னு சொல்லித் திருத்துறீங்க. ஆனா அந்தக் கடைசி வாக்கியம் மட்டும் எவ்வளவு இதமா, எவ்வளவு சுத்தமா வந்திருக்கு. அது எப்படிங்க?"

பொய் சொல்லலாம்தான். அவளிடம் இனி பொய் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

"அதைப் பதிவு பண்றதுக்கு முன்னாடி அஞ்சாறு தடவை சொல்லிப் பாத்துக்கிட்டேன்."

அவள் தலையை ஆட்டினாள். இன்னொரு காயைப் பிளந்தாள்.

"நான் எழுதின ரெண்டு பக்கத்தை?"

"ஒரு தடவைகூட இல்ல."

அவள் உரித்த பட்டாணியைக் கிண்ணத்தில் போட்டாள். நானும் ஒரு காயை எடுத்து உரிக்க ஆரம்பித்தேன்.